கற்பாறையில் கனிந்த திராட்சை

திராட்சை இரசம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் குடும்பங்களில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது திருப்பலிப் பீடமே. குருவானவர் கிண்ணத்தில் வார்க்கும் அந்தச் சில துளிகளுக்கு அப்பால், அப்பழத்தை விளைவிக்கும் மண்ணைப் பற்றியோ, அம்மண்ணோடு போராடும் மனிதரைப் பற்றியோ நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. இத்திங்கள் அத்தகைய ஒரு மண்ணின் வரலாற்றை வாசகர்கள் முன் வைக்க விழைகிறோம். ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே, கத்தலோனியாவில், தரகோனா நகருக்கு மேற்கே மலைகளுக்கிடையில் ஒதுங்கிக் கிடக்கும் பிரியோராத் என்னும் சிறு நாட்டின் வரலாறு அது. குடிப்பழக்கத்தைப் போற்றுவது நம் நோக்கமன்று. அந்நாட்டுச் செந்நிறத் திராட்சை மதுவின் பின்னே எட்டு நூற்றாண்டுகளின் செபமும், வியர்வையும், கண்ணீரும் நிற்கின்றன. அவற்றையே நாம் காண வேண்டும்.

பிரியோராத்தில் சமவெளி என்று சொல்லத்தக்க நிலம் இல்லை. எங்கு நோக்கினும் செங்குத்தான சரிவுகள். மேல்மண் மிகவும் மெல்லியது. அதன் கீழே அடுக்கடுக்காகப் பிளந்து நிற்பது கறுத்த பலகைக்கல். அவ்வூரார் அதை யிகொரேயா என்று அழைக்கின்றனர். கோடையில் அக்கல் வெயிலை உள்வாங்கிக் கொதிக்கிறது; மழையோ குறைவு. இத்தகைய நிலத்தில் கோதுமை விளையாது. ஆனால் திராட்சைக்கொடி, கல்லின் பிளவுகளுக்குள் வேரைச் செலுத்தி, பல மீட்டர் ஆழத்திலுள்ள ஈரத்தைத் தேடிக் கண்டடைகிறது. விளைச்சல் சொற்பமே. முதிர்ந்த கொடிகளில் பல, ஆண்டொன்றுக்கு ஒரு கிலோ பழம் கூடத் தருவதில்லை. தரும் அந்தச் சிறு குலைகளிலோ சாறு செறிந்து, நிறமும் மணமும் மிகுந்து விளங்குகின்றன.

இந்த நாட்டின் வடக்கெல்லையில் மோன்சாந்த் என்னும் மலை கோட்டைச் சுவர் போல் எழுந்து நிற்கிறது. அப்பெயருக்குப் புனித மலை என்பது பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், அரகோன் அரசர் அல்போன்சு அளித்த நிலத்தில், புனித புரூனோவின் வழிவந்த கார்த்தூசியன் துறவிகள் இம்மலையடிவாரத்தில் குடியேறினர். அம்மடம் 1194-ஆம் ஆண்டு தோன்றியதென வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஐபீரியத் தீபகற்பத்தில் அச்சபையின் முதல் மடம் இதுவே. அங்கே ஓர் இடையன், பைன் மரமொன்றின் உச்சியிலிருந்து வானுலகம் வரை எழுந்த ஏணியில் வானதூதர்கள் ஏறிச் செல்வதைக் கண்டான் என்பது மரபுக் கதை. யாக்கோபு கனவிற் கண்ட ஏணியை இது நமக்கு நினைவூட்டுகிறது அன்றோ! அதனால் அம்மடத்துக்கு 'ஸ்காலா தேயி', அதாவது 'இறைவனின் ஏணி' என்று பெயரிட்டனர்.

கார்த்தூசியன் துறவிகளின் வாழ்வு மௌன வாழ்வு. ஒவ்வொருவருக்கும் தனிக் குடில். குடிலுக்குப் பின்னே சிறு தோட்டம். செபம், வாசிப்பு, கைவேலை இவையே நாள் முழுவதும். இத்துறவிகள் தெற்குப் பிரான்சிலிருந்து திராட்சை வளர்க்கும் அறிவையும் உடன் கொண்டு வந்தனர். சரிவுகளில் கொடிகள் பெருகின. மடத்தின் தலைவரைப் 'பிரியோர்' என்று அழைப்பது வழக்கம். சுற்றியிருந்த ஏழு ஊர்கள் அவருடைய ஆட்சிக்குட்பட்டிருந்தமையால், நாட்டுக்கே பிரியோராத் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் வரலாற்றை முழுமையாகச் சொல்வதே நேர்மை. துறவிகள் தங்கள் குடில்களில் ஏழைகளாய் வாழ்ந்தனர். மடமோ நிலவுடைமையாளராய் விளங்கிற்று. கல்லை உடைத்துக் கொடி நட்ட உழவர்கள் தம் விளைவில் ஒரு பங்கை மடத்துக்குச் செலுத்த வேண்டியிருந்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, அந்தச் சுமை மனக்கசப்பாய் வளர்ந்தது. 1835-ஆம் ஆண்டு ஸ்பானிய அரசு துறவு மடங்களைக் கலைத்து, அவற்றின் உடைமைகளைப் பறிமுதல் செய்யலாயிற்று. ஸ்காலா தேயித் துறவிகள் மடத்தை விட்டு வெளியேறினர். அதன்பின் மக்கள் அதைச் சூறையாடித் தீயிட்டனர். கற்களைக் கூடப் பெயர்த்துச் சென்றனர். இன்று அங்கே நிற்பவை வாயிலும், உடைந்த சுவர்களும், முகடற்ற கோயிலுமே. வருவோருக்குத் துறவிகளின் வாழ்வை விளக்குவதற்காக ஒரேயொரு குடிலை மட்டும் மீண்டும் எழுப்பி வைத்திருக்கின்றனர். செபத்தின் ஏணி விண்ணை எட்டினாலும், அதன் அடி அயலானின் தோளில் அழுந்தக் கூடாது என்பதை அந்தச் சிதைந்த சுவர்கள் நமக்கு எடுத்துரைக்கின்றன.

மடத்து நிலங்கள் ஏலத்துக்கு வந்தபோது சில குடும்பங்கள் அவற்றை வாங்கிக்கொண்டு பயிர்த்தொழிலைத் தொடர்ந்தன. அக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குள் நுழைந்த ஃபில்லாக்செரா என்னும் நுண்ணிய பூச்சி, 1860-களில் பிரான்சு நாட்டுத் திராட்சைகளின் வேரை அரித்து, தோட்டங்களைப் பாழாக்கத் தொடங்கிற்று. பிரெஞ்சு வணிகர்கள் மதுவைத் தேடி ஸ்பெயினுக்கு விரைந்தனர். பிரியோராத்தில் பணம் பெருகிற்று. உச்சிப்பாறை வரை கொடி நட்டனர். பிறர் துன்பத்தால் வந்த அச்செல்வம் நீடிக்கவில்லை. 1893-இல் அதே பூச்சி பிரியோராத்துக்கும் வந்து சேர்ந்தது. தலைமுறைகளின் உழைப்பு ஒருசில ஆண்டுகளில் காய்ந்து சருகாயிற்று.

இப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் உள்நாட்டுக் கொடியை ஒட்டுக்கட்டி நடுவதே கண்டறியப்பட்ட மருந்து. ஆனால் அதற்குப் பொருளும் பொறுமையும் வேண்டும். பலர் ஊரை விட்டு வெளியேறினர். பார்சிலோனாவின் ஆலைகளும், கடற்கரை நகரங்களும் இளைஞர்களை ஈர்த்தன. அடுத்த நூறு ஆண்டுகளில் அந்நாட்டின் மக்கள்தொகை பாதிக்கும் கீழாய்க் குறைந்தது. முன்னர் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த தோட்டங்கள், 1980-களில் 600 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டன. எஞ்சியோர் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துக்கொண்டு, தம் மதுவைப் பீப்பாய்க் கணக்கில், பிற ஊர் மதுவுடன் கலப்பதற்கென்று குறைந்த விலைக்கு விற்றனர். அச்சங்கங்கள் சிறுமையானவை என்று எண்ண வேண்டாம். அருகிலுள்ள ஃபல்செத் நகரில் 1919-இல் கட்டப்பட்ட கூட்டுறவுக் கூடம், கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதியின் சீடரான செசார் மர்த்தினெல் வகுத்தது. உயர்ந்த வளைவுகளுடன் கோயிலைப் போல் நிற்கும் இத்தகைய கட்டடங்களைக் கத்தலோனிய மக்கள் 'மதுவின் பேராலயங்கள்' என்று பெருமையுடன் அழைக்கின்றனர்.

புத்துயிர் இரண்டு படிகளில் வந்தது. முதற்படி அந்தப் பழைய மடத்தின் நிழலிலேயே தொடங்கிற்று. எஸ்கலாதேய் என்னும் சிற்றூரில், துறவிகளின் பழைய கட்டடங்களில் இயங்கும் ஸ்காலா தேயி மதுச்சாலை, 1974-ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து தன் சொந்தப் பெயரில் நல்ல மதுவைப் புட்டியில் அடைத்து விற்கலாயிற்று. அதற்குக் 'கார்த்தோய்ஷா' என்று பெயர். கார்த்தூசியன் மடம் என்பதே அதன் பொருள். பீப்பாயில் பெயரற்றுப் போய்க்கொண்டிருந்த பிரியோராத்தின் விளைவு, தன் ஊர்ப்பெயரைத் தாங்கித் தலைநிமிர்ந்தது. அந்த மதுச்சாலையில் கர்னாச்சா என்னும் சிவந்த திராட்சைக்கே முதலிடம். புனித அந்தோனியார் பெயரைத் தாங்கிய தோட்டம் ஒன்றும் அதற்கு உண்டு.

இரண்டாம் படி 1989-இல் நிகழ்ந்தது. ரெனே பார்பியர், ஆல்வரோ பலாசியோசு, தாஃப்னே குளோரியான், கார்லெசு பஸ்த்ரானா, ஓசே லூயிசு பெரெசு ஆகியோரும் அவர்தம் துணைவரும் கிரத்தலோப்சு என்னும் குன்றூரில் ஒன்று கூடினர். இவர்களுள் பெரெசு ஃபல்செத் தொழிற்பள்ளியில் ஆசிரியர். பலாசியோசு ரியோகா நாட்டு மதுக்குடும்பத்தின் மகன். குளோரியான் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பெண்மணி. தனித்தனியே மதுச்சாலை அமைக்க எவரிடமும் போதிய வசதி இல்லை. ஆகவே தம் பழங்களையெல்லாம் ஒரே கூடத்தில் சேர்த்து, ஒரே மதுவாக்கி, ஐந்து பெயர்களில் வெளியிட்டனர். சில ஆண்டுகளில் உலகின் கவனம் அந்த மலைநாட்டின் மேல் திரும்பிற்று. 2000-ஆம் ஆண்டில் கத்தலோனிய அரசும், 2009-இல் ஸ்பானிய அரசும் பிரியோராத்துக்கு மிக உயர்ந்த தகுதியை வழங்கின. ஸ்பெயினில் ரியோகாவைத் தவிர வேறெந்தப் பகுதிக்கும் அத்தகுதி அளிக்கப்பட்டதில்லை. இன்று அங்கே சுமார் 2,000 ஹெக்டேரில் கொடிகள் வளர்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட மதுச்சாலைகள் இயங்குகின்றன.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிதாய் வந்தவர்கள் முதலில் பிரெஞ்சு நாட்டுத் திராட்சை வகைகளையும் நட்டனர். ஆயினும் காலம் செல்லச் செல்ல, அம்மண்ணுக்கே உரிய கர்னாச்சா, கரிஞ்ஞேனா என்னும் பழங்கொடிகளின் அருமையை உணர்ந்தனர். அக்கொடிகள் எப்படி எஞ்சின? இளைஞர்கள் நகரம் சென்றபின், ஊரிலேயே தங்கிவிட்ட முதியவர்கள், ஆதாயம் ஏதுமில்லாத காலத்திலும், கோவேறு கழுதையைப் பூட்டிச் சரிவில் உழுது, ஆண்டுதோறும் கிளை நறுக்கி, அவற்றைக் காத்து வந்தனர். அவர்கள் பெயர்கள் எந்தப் புட்டியிலும் அச்சிடப்படவில்லை. ஆனால் அவர்கள் கைவிட்டிருந்தால், 1989-இல் வந்தவர்களுக்குக் கல்லும் முள்ளுமே கிடைத்திருக்கும்.

புகழுடன் புதிய கேள்விகளும் வந்துள்ளன. கிரத்தலோப்சில் ஒரு சிற்றாலயத்தின் கீழ்ச்சரிவிலுள்ள தோட்டத்துக்கு, அவ்வாலயத்தை ஒட்டியே 'லெர்மீதா' என்று பெயர். அதன் மது ஸ்பெயினிலேயே மிக விலையுயர்ந்தவற்றுள் ஒன்று. ஒரு புட்டியின் விலை அவ்வளவு உயரும்போது, குலையை வெட்டிச் சுமந்த கூலியாளுக்கு எவ்வளவு சேருகிறது என்று கேட்பது தவறாகாது. பழைய மடத்தின் வரலாறு கற்பித்த பாடமும் அதுவே. மேலும், 2021 முதல் 2024 வரை கத்தலோனியாவை வாட்டிய கொடிய வறட்சியில், இம்மலைநாட்டின் விளைச்சல் பெரிதும் குறைந்தது. சில சரிவுகளில் கொடிகளே காய்ந்தன. பூச்சியை வென்ற மண் இப்போது வானத்தை அண்ணாந்து நோக்கி நிற்கிறது. அங்குள்ள உழவர்கள் வெம்மை குறைந்த உயரமான சரிவுகளை நாடுகின்றனர். வறட்சி தாங்கும் பழைய வகைகளையே மீண்டும் நம்புகின்றனர்.

அன்பு வாசகர்களே! பயன் கண்ணுக்குத் தெரியாத காலத்திலும் ஒரு பணியைக் கைவிடாதிருப்பது எத்தகைய அறம் என்பதைப் பிரியோராத்தின் முதியவர்கள் நமக்குக் காட்டுகின்றனர். நம் குடும்பங்களிலும் அத்தகையோர் உண்டு. மாலைதோறும் செபமாலைக்குப் பிள்ளைகளை அழைத்து உட்கார வைக்கும் பாட்டி, விளையாத நிலத்தையும் விற்காமல் உழுது வரும் தந்தை, படிப்பு ஏறாத மகனுக்கும் பொறுமையுடன் மீண்டும் மீண்டும் சொல்லித் தரும் தாய்: இவர்களுடைய உழைப்பை இன்று எவரும் பாராட்டுவதில்லை. நாளை அவ்வேரிலிருந்து தளிர்க்கும் கனியை உண்போருக்கு, அதைக் காத்தவர் யாரென்று தெரியாமலும் போகலாம். ஆதலால் அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களுக்கு நன்றி சொல்வோம். அவர்கள் தோளிலுள்ள சுமையில் ஒரு பங்கை நாமும் ஏற்போம்.