சித்திரக்காரரின் பாத்தியதை

வாடை ஊதத் தொடங்கி, உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறப்பார்களா மாட்டார்களா என்ற பேச்சே வவுணதீவுச் சந்தியின் தேநீர்க்கடைகளில் மற்றெல்லாப் பேச்சையும் பின்தள்ளியிருக்கும் இந்த மாரியில், மழையைப் பற்றிய இரண்டு சிறுவர் நூல்களையும் அவற்றைப் படைத்த இரண்டு பெண்மணிகளையும் முன்னிட்டு, நம் பதிப்புலகம் நெடுங்காலமாகக் கண்டும் காணாததுபோல் இருந்துவரும் ஒரு விஷயத்தை எடுத்துரைக்க விரும்புகிறோம். அப்பெண்மணிகளுள் ஒருவர் நம் நாட்டவரான சிபில் வெத்தசிங்க. மற்றவர் ஜப்பானியரான இவாசாகி சிஹிரோ.

சிபில் அம்மையார் 1927இல் காலியை அடுத்த கிந்தொட்டையில் பிறந்தவர். ஓவியக் கல்லூரி எதன் வாசலையும் மிதியாமலே, பதினைந்து வயதில் ஒரு சிங்களப் பாடநூலுக்குப் படம் எழுதும் வாய்ப்பைப் பெற்று, 1948இல் ‘லங்காதீப’ பத்திரிகையிலும் பின்னர் லேக்ஹவுஸ் நிறுவனத்தின் ‘ஜனதா’விலும் சித்திரக்காரராக அமர்ந்து, நாள்தோறும் மறுநாள் பழந்தாளாகிவிடும் பக்கங்களுக்கு வரைந்து வரைந்தே கை பழகியவர். அவருடைய ‘குட ஹொரா’ என்னும் குடைத் திருடன் கதை 1956இல் நூலாயிற்று. குடை என்ற ஒன்றையே காணாத ஒரு கிராமம். மழை வந்தால் வாழையிலை, சேம்பிலை, கூடை, சாக்கு என்று கைக்கு அகப்பட்டதைத் தலையிற் கவிழ்த்துக்கொள்ளும் சனங்கள். அங்கிருந்து பட்டணம் போன கிரி மாமா ஒரு குடை வாங்கி வருகிறார். ஊர் திரும்பியதும் கடையில் கோப்பி குடிக்கிற நேரத்துக்குள் வெளியே வைத்த குடை களவு போகிறது. மறுபடி வாங்குகிறார், மறுபடியும் களவு. ஈற்றில், மடக்கிய குடைக்குள் காகிதத் துண்டுகளைத் திணித்து வைத்து, அவை சிந்திய வழியே காட்டுக்குள் போனால், ஒரு மரம் நிறையக் குடைகள் தொங்குகின்றன. கள்ளன் ஒரு குரங்கு! குடைகளைச் சேர்த்தெடுத்துக்கொண்டு புறப்படும் கிரி மாமா, குரங்குக்கென்று ஒன்றை மரத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்.

கதை இவ்வளவுதான். ஆனால் குடைகள் தொங்கும் மரத்தை வார்த்தையில் சொன்னால் ஒரு வரியோடு முடிந்துபோகும். படமாகப் பார்க்கும்போது அதுவே கதையின் சிகரம், பிள்ளை அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்து விரலால் குடைகளை எண்ணிக்கொண்டிருக்கும் இடம். எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரே ஆனதால், இந்த நூல் யாருடையது என்ற கேள்வி அங்கே எழவில்லை. இனோகுமா யோக்கோ என்பவரின் மொழிபெயர்ப்பில் 1986இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்து, அங்கே பரிசும் பெற்று, அந்நாட்டுப் பிள்ளைகள் விரும்பி வாசிக்கும் புத்தகங்களுள் ஒன்றாயிற்று. 1994இல் அம்மையாரின் நரிக்கதை ஒன்றையும் ஜப்பானின் பிரசித்திபெற்ற சிறுவர் நூற் பதிப்பகமான புகுயின்கான் வெளியிட்டது. அம்மையார் 2020 ஜூன் 30ஆம் திகதி தமது 92ஆம் வயதில் காலமானார். வயலில் மழைக்கு உரப்பையின் ஒரு மூலையை மற்றதற்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் படுவான்கரைக் கமக்காரருக்குக் கிரி மாமாவின் ஊர் அந்நிய ஊரன்று. எனினும் தோக்கியோவின் பிள்ளை அவரை அறிந்த அளவுக்குக் கன்னங்குடாவின் பிள்ளை அறியவில்லை என்பதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

இனி, ஜப்பானியரிடம் வருவோம். இவாசாகி சிஹிரோ 1918இல் பிறந்தார். இளம்வயதில் பெற்றோர் விருப்பப்படி செய்த மணம் துயரத்தில் முடிய, 1945இன் விமானத் தாக்குதலில் தோக்கியோவிலிருந்த வீடும் எரிந்துபோக, யுத்தத்துக்குப் பின் பத்திரிகைகளுக்கும் சிறுவர் நூல்களுக்கும் படம் எழுதிச் சீவித்தவர். 1963இல் ‘குழந்தைகளின் மகிழ்ச்சி’ என்று பொருள்படும் பெயருள்ள ஒரு சஞ்சிகை, அட்டையிலே குழந்தை இருந்தாற் போதும், எவ்விதம் வரைவதென்பது உங்கள் இஷ்டம் என்று அவரிடம் அட்டைப்படங்களை ஒப்படைத்தது. தைலவண்ணமா நீர்வண்ணமா என்று நெடுநாள் ஊசலாடிய அவர் அதன்பின் நீர்வண்ணத்திலேயே நிலைத்தார். 1974இல் இறக்கும்வரை அந்த அட்டைகளை அவரே வரைந்தார். ஒரு சிறு சஞ்சிகை ஒரு கலைஞருக்குக் கொடுத்த சுதந்திரம் அவருடைய கலையின் திசையையே தீர்மானித்தது என்பதைச் சிற்றிதழ் நடத்தும் எங்களைப் போன்றோர் கொஞ்சம் பெருமையோடும், அதைவிட அதிகமான பொறுப்போடும் நினைத்துப் பார்க்கலாம்.

அவர் படங்களில் எல்லைக்கோடு இராது. ஈரத்தாளில் ஒரு வண்ணத்தை விட்டு, அது கசிந்து பரவி எங்கே நிற்கிறதோ அங்கேதான் குழந்தையின் கன்னமும் சட்டையும் முடியும். மாதிரிக்கு யாரையும் முன்னிருத்தாமலே பத்து மாதக் குழந்தைக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் உள்ள வேற்றுமையை வரைந்து காட்டுவார் என்று சொல்வார்கள். 1968இல் வெளிவந்த அவரது நூலொன்றில் மழை நாளில் அம்மா வரும்வரை வீட்டில் தனித்திருக்கும் ஒரு சிறுமியைத் தவிர வேறு கதையே இல்லை. வார்த்தைகள் மிகச் சில. பயம், ஏக்கம் முழுவதையும் நீர்வண்ணமே சொல்லிவிடுகிறது. அதை எழுத்தாளர் எழுதிய கதைக்கு ஓவியர் செய்த அலங்காரம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. 1973இல், வியட்நாமில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், நோய்ப்பட்ட உடலோடு, தாம் கண்ட நெருப்பையும் நினைவிற் கொண்டு, யுத்தத்தின் நடுவே அகப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு நூல் செய்தார். அந்த நூலில் குண்டும் குருதியும் அதிகம் காணக் கிடையா. பிள்ளைகளின் கண்கள்தாம் கிடைக்கும். வலையிறவுப் பாலத்தில் அடையாள அட்டையைக் கையிற் பிடித்து வரிசையில் நின்ற தாய்மாரின் சேலைத் தலைப்பிற்குள்ளிருந்து எட்டிப் பார்த்த கண்களை அறிந்த இவ்வூருக்கு அந்தப் படங்களைப் பற்றி விளக்கவுரை எதுவும் வேண்டியதில்லை.

ஆனால் நாம் சொல்ல வந்தது கலைநயத்தைப் பற்றியதன்று. அந்தக் காலத்து ஜப்பானில், நம்மிடையே இன்றுபோலவே, அச்சானதும் மூலப்படம் பதிப்பாளருக்கே சொந்தம் என்ற வழக்கம் இருந்தது; அலமாரியில் கிடந்து செல்லரித்தாலும், குப்பைக்குப் போனாலும் கேட்பாரில்லை. சிஹிரோ கேட்டார். படம் என்பது எழுத்தைப் போலவே ஒரு படைப்பு, அதன் பாத்தியதை வரைந்தவருடையது, அச்சிடும் உரிமையைத் தந்தோமேயன்றித் தாளைத் தரவில்லை என்று, சகாக்களோடு சேர்ந்தும் தனித்தும் வாதாடி, மூலப்படங்களைத் திருப்பிப் பெற்றார். அந்தப் பிடிவாதத்தின் பயனாக இன்று 9000க்கு மேற்பட்ட அவர் படங்கள் பேணப்பட்டிருக்கின்றன. அவர் மறைந்து மூன்று ஆண்டுகளில், 1977இல், தோக்கியோவில் அவர் வாழ்ந்த வீடிருந்த இடத்திலேயே அவற்றுக்கென ஓர் ஓவியக்கூடம் எழுந்தது.

அதற்கும் பின்னால் நடந்ததே விசேஷம். 1981இல் டெட்சுகோ குரோயானாகி தம் பள்ளிப் பருவத்தை ‘டோட்டோ-சான்’ என்ற நூலாக வெளியிட்டபோது, சிஹிரோவின் புதல்வரோடு சேர்ந்து அந்தக் கூடத்துப் படங்களிலிருந்தே தம் நூலுக்கான அட்டையையும் உட்படங்களையும் தேர்ந்துகொண்டார். இந்திய தேசிய புத்தக நிறுவனத்தின் தமிழ்ப் பதிப்பில் டோட்டோ-சானைப் படித்து மகிழ்ந்த நம் ஆசிரியர்களுள் எத்தனை பேர், அந்தச் சிறுமியை வரைந்தவர் நூல் வெளிவருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே இறந்துபோனவர், அந்தக் கதையை ஒரு வரியும் வாசித்திராதவர் என்பதை அறிவர்? படங்கள் பதிப்பாளரின் அலமாரியில் மக்கியிருந்தால் உலகம் அறிந்த டோட்டோ-சானுக்கு அந்த முகம் கிடைத்திராது.

நம் பக்கம் திரும்பினால் சொல்லிக்கொள்ளக் கூடியதும் உண்டு. தமிழ்நாட்டிலே ஆதிமூலம் (1938–2008) சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் எழுதித் தந்த அட்டைகளும் தலைப்பெழுத்துகளும் தமிழ் நூலின் முகத்தோற்றத்தையே மாற்றின. ஈழத்தில், ரமணி என்ற கையொப்பத்தை அட்டையின் மூலையில் காணாமல் ஒரு தலைமுறை வாசகர் வளரவில்லை. ஆயினும் அந்த அட்டைகளின் மூலங்கள் எங்கே என்று விசாரித்தால், அச்சகத்துக்குக் கொடுத்தது என்பார்கள், அச்சகமே இப்போது இல்லை என்பார்கள், இடப்பெயர்வில் போயிற்று என்பார்கள். யுத்தம் கொண்டுபோனது பாதியென்றால் அசிரத்தை கொண்டுபோனது மறுபாதி. நூலகங்களின் பட்டியலிலும் நூலாசிரியர் பெயர் உண்டு, பதிப்பாளர் பெயர் உண்டு, பக்கக் கணக்கும் விலையும்கூட உண்டு. அட்டை வரைந்தவருக்கு இடமில்லை.

முன்னாளிலாவது ஒரு மனிதர் வரைந்தார், அவர் பெயரை மறந்தோம். இப்போது சஞ்சிகைகளின் உட்பக்கத்தில் ‘அட்டைப்படம்: இணையம்’ என்று அச்சிடுகிறார்கள்! இணையம் என்று ஓர் ஓவியர் எந்த ஊரில் இருக்கிறார், அவருக்கு எவ்வளவு சன்மானம் அனுப்பினார்கள் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கும் ஆசைதான். எங்கோ ஒருவர் கண்விழித்து வரைந்த படத்தை எடுத்து, ஓரத்திலிருந்த கையொப்பத்தை வெட்டி, மேலே கவிதைத் தொகுதியின் பெயரைப் பதிப்பவர்கள், தங்கள் கவிதையின் ஒரு வரியை யாராவது பெயரின்றி எடுத்தாண்டால் முகநூலில் மூன்று நாள் போர் தொடுப்பவர்களாகவும் இருப்பதுதான் வேடிக்கை.

கல்லடியில் விபுலாநந்தரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் பயின்று ஆண்டுதோறும் வெளியேறும் இளைஞரும் யுவதிகளும் எங்கே போகிறார்கள்? பலர் பாடசாலைகளில் சித்திர ஆசிரியராகிறார்கள், சிலர் திருமண அழைப்பிதழும் பெயர்ப்பலகையும் வடிவமைக்கிறார்கள். அவை தாழ்ந்த தொழில்கள் அல்ல. ஆனால் நம் முன்பள்ளிச் சுவரிலே பனிமனிதனும் ஆப்பிளும் சிரித்துக்கொண்டிருக்க, வாவியும் தோணியும் எருமைப் பட்டியும் கூத்துக் களரியும் இடம்பெற்ற படக்கதை நூலொன்றைப் பிள்ளையின் கையிற் கொடுக்கத் தேடி அலைய வேண்டியிருப்பதற்கு வரைவோர் இல்லாமை காரணமன்று. கதை எழுதுகிறவரே ஆசிரியர், படம் போடுகிறவர் உதவியாள் என்று கொண்டு, ஐந்து பிரதிகளையும் ஒரு நன்றி வரியையும் கொடுத்து அனுப்பிவிடும் மனப்பான்மையே காரணம் என்பது எங்கள் அபிப்பிராயம். இதை மறுக்க விரும்புவோர் எழுதலாம்; பிரசுரிப்போம்.

எனவே சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறோம். இந்த இதழ்முதல் அட்டை வரைந்தவர் பெயர் முன்னட்டையிலேயே, எழுதியோர் பெயர்களின் அளவிலேயே அச்சாகும். அச்சு முடிந்த கிழமையே மூலப்படம் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப்படும். மறுபதிப்பு வேண்டுமானால் மறுபடியும் கேட்போம். சன்மானம் சிறியதுதான், எங்கள் சந்தாத்தொகையை அறிந்தவர்களுக்கு அதன் அளவும் தெரியும். ஆனால் படத்தை வாங்கும்போதே அது கொடுக்கப்படும். அடுத்த இதழின் நடுவில் எட்டுப் பக்கங்களை வெறுமையாக ஒதுக்கியிருக்கிறோம். நாலு வயதுப் பிள்ளைக்கான படக்கதை ஒன்றை, சொல்லோடோ சொல்லின்றியோ, செய்து தருபவர் எவராயினும் அந்தப் பக்கங்கள் அவருடையவை. என்ன வரைவது, எப்படி வரைவது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தைப்பொங்கலுக்கு முன் கிடைத்தால் அச்சுக்கு வசதியாக இருக்கும். தபாலில் அனுப்புவோர், மழைக்காலமாகையால், பொலித்தீன் உறையில் இட்டு அனுப்பவும்.