அபிப்பிராயம் கோருகிறோம்!

மின்சாரம் நின்றால் முணுமுணுப்போடு விட்டுவிடும் நம்மவர்கள், இண்டர்நெட் அரைமணி நேரம் நின்றுவிட்டால் வீட்டுக் கூரையே பறந்துபோனதைப் போல் பரிதவிக்கிறார்கள். பிள்ளைக்குப் பாடம் இல்லை; தாயாருக்குப் பாங்குக் கணக்கு இல்லை; தாத்தாவுக்குச் சங்கீதக் கச்சேரி இல்லை. இத்தனை பேரையும் ஆட்டி வைக்கும் இந்த வலையைக் கட்டியவர் யார் என்று கேட்டால், "யாரோ அமெரிக்காக்காரன்" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அமெரிக்காக்காரன்தான். ஆனால் அவன் அதைக் கட்டிய முறையில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது.

1969-ம் வருஷத்தில் அமெரிக்க ராணுவ இலாகாவின் ஆராய்ச்சிப் பிரிவொன்று, வெவ்வேறு ஊர்களில் இருந்த நாலு கம்ப்யூட்டர்களை டெலிபோன் கம்பி வழியே இணைக்க ஏற்பாடு செய்தது. கம்பியை இணைப்பது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு யந்திரமும் ஒவ்வொரு ஜாதி; ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரியாது. அவை பேசிக்கொள்வதற்கான விதிகளை வகுக்கும் பொறுப்பு, விந்தையாக, ஒரு சில ஆராய்ச்சி மாணாக்கர்களின் தலையில் விழுந்தது. பெரியவர்கள் யாராவது வந்து, "உங்களை யார் இதில் கை வைக்கச் சொன்னது?" என்று அதட்டுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு உள்ளூர இருந்தது. ஆகவே, லாஸ் ஏஞ்ஜல்ஸ் சர்வகலாசாலை மாணாக்கரான ஸ்டீவ் கிராக்கர் தம் முதல் குறிப்பை எழுதியபோது, அதற்கு 'விதி' என்றோ 'தீர்மானம்' என்றோ பெயர் வைக்கவில்லை. 'அபிப்பிராயம் கோரும் குறிப்பு' என்று பணிவாகப் பெயரிட்டார். சிநேகிதர் வீட்டில் தங்கியிருந்த சமயம். உறங்குகிறவர்களை எழுப்பக்கூடாதென்று ஸ்நான அறையில் உட்கார்ந்து எழுதினாராம்! அந்தக் குறிப்பின் தேதி 1969 ஏப்ரல் 7.

அதே மாதத்தில் வந்த மூன்றாவது குறிப்பு நம்மை மிகவும் கவர்கிறது. குறிப்பு எழுதுகிறவன் எல்லாவற்றையும் யோசித்து முடித்திருக்க வேண்டியதில்லை. விடை தெரியாத கேள்வியையும் எழுதலாம். ஒரே ஒரு வாக்கியமாக இருந்தாலும் போதும் என்கிறது அது. அச்சில் ஏறியதெல்லாம் வேதவாக்கு என்று எண்ணும் சுபாவத்தை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அவ்வருஷம் அக்டோபர் 29-ம் தேதி இரவு, முதல் வார்த்தையை அனுப்ப முயன்றார்கள். இரண்டு எழுத்துப் போய்ச் சேர்ந்ததும் எதிர்ப்புறத்து யந்திரம் படுத்துவிட்டது. சரிசெய்துகொண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அனுப்பினார்கள்.

அந்தக் குறிப்புகளின் வரிசை இன்னும் நிற்கவில்லை. ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. எவரும் விலையின்றிப் படிக்கலாம். 1990-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று வந்த குறிப்பொன்று, செய்தியைப் புறாவின் காலில் கட்டி அனுப்பும் முறையை வெகு கம்பீரமாக விவரிக்கிறது. நம் புலவர்களின் தூதுப் பிரபந்தங்களை அவர்கள் படித்ததில்லை என்று நினைக்கிறோம்! 2001-ல் நார்வே தேசத்தில் சிலர் அதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். ஒன்பது செய்தி அனுப்பியதில் நாலுக்குத்தான் பதில் வந்தது.

நிற்க. இந்த வழக்கத்தின் அருமை ஆபத்துக் காலத்தில்தான் தெரியும். உலகத்து வலைகள் ஒவ்வொன்றும் பக்கத்து வலைக்கு, "இன்ன விலாசத்துக்குச் செல்லும் செய்தியை என்னிடம் கொடு, நான் சேர்ப்பிக்கிறேன்" என்று அறிவித்துக்கொள்கின்றன. தபாலாபீஸ்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வதைப் போலத்தான். இந்த அறிவிப்பு முறையை 1989 ஜனவரியில், டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் இஞ்சினீயர்கள் கூடியபோது, கிர்க் லாஹீட், யாகோவ் ரெக்டர் என்ற இருவர் பகல் போஜனத்தின்போது கை துடைக்கும் காகிதத்தில் வரைந்தார்கள். ஜூன் மாதத்திலேயே அதுவும் ஒரு குறிப்பாக வெளிவந்துவிட்டது. அதில் ஒரு குறை: அறிவிப்பு மெய்யா என்று விசாரிப்பார் இல்லை, சொன்னதை நம்புவதுதான்.

2008 பிப்ரவரி 24-ந் தேதி, பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்கச் செய்த ஏற்பாடு எல்லை தாண்டிக் கசிந்தது. "யூடியூபுக்கு வழி இங்கே" என்ற பொய் அறிவிப்பை உலகத்தின் பெரும்பகுதி நம்பிவிட்டது. கிரீன்விச் நேரப்படி மாலை 6.47-க்குத் தொடங்கிய விபரீதம் 9.01-க்கு அடங்கிற்று. எந்த நிமிஷத்தில் எவர் என்ன அறிவித்தார், எவர் எப்படி மாற்றினார் என்ற விருத்தாந்தம் முழுவதையும் ஐரோப்பாவின் விலாச நிர்வாக ஸ்தாபனமான ரைப் பகிரங்கமாக வெளியிட்டது. ஆகையால் கராச்சியில் இருப்பவனும் கலிபோர்னியாவில் இருப்பவனும் ஒரே பாடத்தைப் படிக்க முடிந்தது. அறிவிப்பின் மெய்ம்மையைக் கையொப்பத்தால் சோதிக்கும் முறைக்கான அடிப்படைக் குறிப்பு 2012 பிப்ரவரியில் வந்தது.

நம் தேசத்திலும் 1986-ல் எர்நெட் என்ற வலை தொடங்கியபோது, கிண்டியில் உள்ள ஐ.ஐ.டி. அதில் ஓர் அங்கமாக இருந்தது. திறமைக்கு அன்றும் பஞ்சமில்லை, இன்றும் இல்லை. ஆனால் நம் ஆபீஸ்களில் நடப்பது என்ன? எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த ரூட்டரில் என்ன மாற்றப்பட்டது என்பது ஒரே ஒரு மனிதரின் மண்டைக்குள் இருக்கிறது. எழுதி வைத்தால் தம் மதிப்புக் குறைந்துவிடும் என்று அவர் நினைக்கிறார். குளிகையின் ரகசியத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன வைத்தியரின் பேரன் அவர்! அவர் வேறு உத்தியோகம் தேடிப் போன மறுநாள் ஆபீஸ் ஸ்தம்பித்து நிற்கிறது. இளைஞர்களோ, சர்டிபிகேட் பரீட்சைக்கு எங்கிருந்தோ கிடைத்த கேள்வி விடைகளை நெட்டுருப் போடுகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று நாலு பேர் நடுவில் கேட்பது மானக்குறைவு என்று அவர்களுக்கு யார் போதித்தார்களோ தெரியவில்லை. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நாம்தான் போதித்தோம் என்பது நம் சந்தேகம்.

அந்தக் குறிப்புகளை வெகுகாலம் பதிப்பித்து வந்தவர் ஜான் போஸ்டல். அவர் 1998 அக்டோபரில் காலமானபோது, நண்பர் விண்ட் ஸெர்ப் எழுதிய இரங்கலுரை அதே வரிசையில் 2468-ம் குறிப்பாக வெளியாயிற்று. வெளியான குறிப்பு எதையும் பிறகு திருத்துவதில்லை. வாசகர் எவரேனும் பிழை கண்டு எழுதினால், அதைப் பரிசீலித்துக் குறிப்பின் பக்கத்திலேயே பதிந்து வைக்கிறார்கள். பிழை கண்டுபிடித்தவர் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன பெண்ணாக இருந்தாலும் சரிதான்.