பாலர் வகுப்புக்கு அனுப்புமுன்

மும்பையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூன் மாத நடுவில் திறக்கின்றன. மூன்று, நான்கு வயதுப் பிள்ளையுள்ள இல்லங்களில் இப்பொழுதே பரபரப்புத் தொடங்கியிருக்கும். மாதுங்காவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் நம் அன்பர்கள் சிலரது வீடுகளுக்குச் சென்றபோது அடியேன் கண்ட காட்சி ஒன்றே. சுவரில் ஆங்கில நெடுங்கணக்குப் படம் தொங்குகிறது. அதன் எதிரே ஒரு சின்னஞ்சிறு குழந்தை தூக்கக் கலக்கத்தோடு நின்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. ஒப்பித்து முடித்தால்தான் இரவுச் சோறு. இவ்வாறு பழக்குவதே பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்வது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணத்தை மறுத்து எழுதவே இம்மாதம் இப்பகுதியை எடுத்துக்கொண்டேன்.

எழுத்தைக் கற்பிப்பதற்குத்தான் பள்ளி இருக்கிறது. ஜெர்மனி தேசத்துப் பிரோபெல் என்பார் 1837-ஆம் ஆண்டு சிறுவர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். நம் நாட்டில் வக்கீல் தொழிலை விடுத்து, 1920-இல் பாவ்நகரில் பாலமந்திர் நிறுவியவர் கிஜுபாய் பதேகா. மேற்கு ரயில்வேயில் கோல்வட் நிலையத்துக்கு அருகேயுள்ள போர்டியில் 1945-இல் பாலர் பள்ளி தொடங்கியவர் தாராபாய் மோடக் அம்மையார். விளையாட்டும் பாட்டும் கைவேலையுமே பெரிதும் இவர்கள் வகுத்த பாடம். ஆதலின் நெடுங்கணக்குப் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, வேறு சில காரியங்களைக் கவனிப்போம்.

முதலாவது, பெயர். இது சிறு விஷயம் என்று தோன்றும், அன்று. வீட்டில் நாம் பிள்ளையைக் கண்ணா, குட்டி, பாப்பா என்று அழைத்தே வளர்க்கிறோம். வகுப்பில் ஆசிரியை வருகைப் பதிவேட்டைப் பார்த்து ‘கார்த்திகேயன்’ என்று அழைத்தால், அது தன்னைத்தான் என்று அறியாமல் குழந்தை சும்மா உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு, மராட்டிய நாட்டு வழக்கப்படி தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டங்கள் விண்ணப்பத்தில் உள்ளன. நமக்கோ தலைப்பெழுத்தோடு சரி. மூன்றாவது கட்டத்தில் ஒருவர் ஊர்ப் பெயரை எழுதுகிறார். ஒருவர் பாட்டனார் பெயரை எழுதுகிறார். ஒருவர் தலைப்பெழுத்தையே மறுபடியும் எழுதிவிடுகிறார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று ஆனால் பிற்காலத்தில் எத்தனை மனுக்கள் எழுத நேரிடும் என்பதைக் காகிதங்களுக்கிடையே காலம் கழிக்கும் என் போன்ற எழுத்தர்கள் நன்கறிவோம். 2023 அக்டோபர் முதல் தேதியன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதியையும் இடத்தையும் மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழே ஆவணம் என்று சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. எனவே அதிலுள்ள பெயரையே எழுத்துக்கு எழுத்து எங்கும் எழுதுக. பிறகு அப்பெயரைச் சொல்லியே தினமும் நாலு முறையேனும் பிள்ளையை அழையுங்கள். கொஞ்சுவதற்குக் குட்டி இருக்கவே இருக்கிறது.

இரண்டாவது, அவசரத்துக்கு உதவும் சில சொற்கள். எங்கள் குடியிருப்பில் அண்டை வீட்டுப் பெண் குழந்தை, பள்ளி சேர்ந்த மூன்றாம் நாள் கவுனை நனைத்துக்கொண்டு அழுதவண்ணம் திரும்பியது. வகுப்பில் அது ‘ஒண்ணுக்கு, ஒண்ணுக்கு’ என்று இருமுறை சொல்லியிருக்கிறது. ஆசிரியைக்கு அது விளங்கவில்லை. குழந்தை என்ன செய்யும்? இங்கே மராத்திப் பிள்ளைகள் ‘ஷூ ஆலீ’ என்பார்கள். இந்தி பேசும் பிள்ளைகள் ‘சுசு’ என்பார்கள். தண்ணீருக்கு ‘பாணீ’ என்றால் எவருக்கும் புரியும். வலிக்கிறது என்பதற்கு ‘துக்தய்’. பள்ளியில் கைகால் கழுவிவிடும் பணிப்பெண்ணை ‘மாவ்ஷி’ என்று அழைப்பது இவ்வூர் மரியாதை. தாயின் உடன்பிறந்தாள் என்பது அதன் பொருள். நம் முறையில் பெரியம்மாவோ சித்தியோ ஆவார். அதைக் குழந்தையிடம் அப்படியே சொல்லுங்கள். ‘அங்கே உனக்கு ஒரு சித்தி இருக்கிறாள்’ என்று கேட்ட பிள்ளைக்குப் பாதி அச்சம் நீங்கும். இந்த நான்கைந்து சொற்களை விளையாட்டாகப் பழக்க ஒரு வாரம் போதும்.

இவ்விடத்தில்தான் நம்மவர் பலர் வழி தவறுகின்றனர். நான்கு சொல் போதும் என்றால், வீடு முழுவதையுமே வேற்றுமொழிக்கு மாற்றிவிடுகின்றனர். கல்யாண் குடியிருப்பில் வசிக்கும் அலுவலக நண்பர் ஒருவரின் மகனைப்பற்றி அவனது பள்ளி ஆசிரியை, “பையன் பேசுவதேயில்லை; வீட்டில் தமிழை நிறுத்தி ஆங்கிலத்திலேயே பேசுங்கள்” என்று கூறினாராம். நண்பரும் அவர் மனைவியாரும் அதனைச் சிரமேற்கொண்டனர். ஆனால் அவர்களிடமிருந்த ஆங்கிலம் எவ்வளவு? உட்கார், வா, சாப்பிடு, தொடாதே. கட்டளைகள் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தன. கதையும் கேலியும் தாலாட்டும் தமிழில் இருந்தமையால் அவை நின்றே போயின. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆச்சிக்குத் தமிழையன்றி ஒன்றும் தெரியாது. “எம் பேரன் எங்கிட்டப் பேச மாட்டேங்கானே” என்று அவர் என்னிடம் கூறியபோது எனக்கு மறுமொழி சொல்லத் தோன்றவில்லை. பள்ளியில் மட்டும் மௌனமாயிருந்த பிள்ளை வீட்டிலும் மௌனமாயிற்று. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த தாயார், ஆசிரியை என்ன சொன்னாலும் சரியென்று தமிழுக்குத் திரும்பினார். தீபாவளிக்கு ஆச்சி ஊர் செல்லும்போது, அப்பையன் ஆச்சியிடம் தமிழும், தோழர்களிடம் இந்தியும் மராத்தியும், ஆசிரியையிடம் கொஞ்சம் ஆங்கிலமுமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

புதிய மொழிச் சூழலில் விடப்பட்ட சிறு பிள்ளைகள் சில வாரங்கள், சில வேளை சில மாதங்கள், வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு என்று குழந்தைகளின் மொழிவளர்ச்சியை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். ஒரு மொழியை நன்கறிந்திருப்பது மற்றொன்றைக் கற்பதற்கு இடையூறாவதில்லை. புளியங்கொட்டைகளை வைத்து அதிகம் எது, குறைவு எது என்று தமிழில் அறிந்த பிள்ளை, பள்ளியில் அவற்றுக்குரிய வேற்றுச் சொல்லை மட்டும் கற்றால் போதும். கருத்தைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் வீட்டு மொழியிலோ தாய்மொழியிலோ கற்பிப்பதையே விரும்புகிறது. ஆசிரியை இதனை அறியாதவராயின் பணிவோடு எடுத்துரைக்கலாம், சண்டை வேண்டா. ஆனால் ஒன்று. பிள்ளை தமிழிலும் பேசவில்லை, பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றால், இரண்டு மொழிகளின்மீது பழி போட்டுக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டிச் செவிப்புலனைச் சோதித்துவிடுங்கள்.

மூன்றாவது, பிரிவு. ஊரிலே பாட்டி, அத்தை, அண்டை வீடு என்று பல மடிகளில் பிள்ளை வளரும். இங்கே ஓரறை வீட்டில் தாயொருத்தியே அதன் உலகம். அவளை விட்டு ஒரு மணி நேரம்கூட இருந்தறியாத குழந்தையை ஜூன் மாதத்தில் திடீரென்று மூன்று மணி நேரம் பிரிக்கிறோம். இப்பொழுதே நம்பிக்கையான அண்டை வீட்டில் அரைமணி, பிறகு ஒரு மணி என்று விட்டுப் பழக்கலாம். விடும்போது சொல்லிவிட்டே செல்லுங்கள். கண்ணை மறைத்து நழுவிப்போனால் அன்றைக்கு அழுகை குறையும்; மறுநாள் முதல் குழந்தை உங்கள் புடைவைத் தலைப்பை விடவே விடாது. ‘சோறு தின்னாவிட்டால் டீச்சரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்’ என்று மிரட்டும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. போலீஸ்காரர் வேலையை ஆசிரியைக்குக் கொடுத்தபின், அவரிடமே பிள்ளையைச் சிரித்துக்கொண்டு போகச் சொல்வது எவ்விதம் நியாயம்?

கைப்பழக்கங்களைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பள்ளியில் ஊட்டிவிடுவார் இல்லை. எடுத்துத் தின்ன எளிதாக இட்டிலித் துண்டோ சிறு தோசையோ வைத்து, அதே டப்பாவைத் தானே திறந்து மூடப் பழக்குங்கள். புதிய டப்பாவை முதல் நாளன்று கொடுத்தனுப்ப வேண்டா. பள்ளியின் கழிவறை குந்தி அமர்வதா, நாற்காலி போன்றதா என்று முன்னதாகவே பார்த்து வருவது நலம்.

மத்திய அரசு ஊழியர் குடும்பங்களுக்கு இரண்டொரு செய்தி. கேந்திரிய வித்தியாலயங்கள் சிலவற்றில் பாலவாடிகா வகுப்புகள் உள்ளன. மார்ச் 31-ஆம் தேதியன்று மூன்று வயது நிரம்பியவர்க்கு முதல் பிரிவு. முதலாம் வகுப்புக்கு ஆறு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். குழந்தைகள் கல்விப் படி 2024 ஜனவரி முதல் மாதம் 2,812 ரூபாய் 50 காசு; முதலாம் வகுப்புக்கு முந்திய பாலர் வகுப்புகளுக்கும் அது உண்டு. பள்ளித் தலைமையாசிரியரின் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்க. தமிழ்வழியே விரும்புவோர், மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளும் நடத்திவருகிறது என்பதை மறக்க வேண்டா.

முதல் வாரத்தில் அழைத்து வருவதற்கு ஒருவரே, குறித்த மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே, வாயிலில் நிற்றல் வேண்டும். நம்மூர் லோக்கல் வண்டிகளின் நடப்பை அறிந்து, ஒரு வண்டி முன்னதாகவே ஏறிவிடுங்கள். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போக, மாவ்ஷியின் பக்கத்தில் தனியே நிற்கும் குழந்தை மறுநாள் காலையில் செருப்பையே ஒளித்து வைத்துவிடும்.