பிறந்த வீட்டைக் குலைக்கும் பெருமீன்கள்

"ஐயா, என் நட்சத்திரம் மிருகசீரிடம் என்று குறிப்பில் எழுதியிருக்கிறது. அது வானத்தில் எங்கே இருக்கிறது?" என்று மாணவி ஒருத்தி வினவினாள். நாள்தோறும் பஞ்சாங்கத்தைப் புரட்டும் நாம், அதிற் கூறப்படும் மீன்களை அண்ணாந்து பார்க்க மறந்துவிட்டோம். அவ்வினாவுக்குரிய விடை வகுப்பறையில் இல்லை. நிலாவெளிக் கடற்கரையில் இருக்கிறது.

மாரி மழை ஓய்ந்த தை மாதத்து முன்னிரவில், புறாமலைத் தீவு தெரியும் அக்கரையில் கடலை நோக்கி நில்லுங்கள். கிழக்கு வானில் மூன்று மீன்கள் நிரையாக நிற்கும். அவற்றுக்கு இடப்புறத்தே செந்நிறமாய் ஒளிர்வது திருவாதிரை. அதற்குச் சற்று மேலே, மங்கலான மூன்று மீன்கள் நெருங்கியிருக்கும் இடமே மிருகசீரிடம். நிரைக்கு வலப்புறத்தே பஞ்சுத் துணுக்குப் போலத் தெரிவது ஓரியன் விண்முகில். அது ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. திருஞானசம்பந்தர் கோணமலையைப் பாடிய ஏழாம் நூற்றாண்டிலே புறப்பட்ட ஒளிதான் இன்று நம் கண்ணை வந்தடைகிறது!

அம்முகிலை ஒளிரச் செய்வது யாது? அதன் நடுவிலுள்ள ஒரு பெருமீனே. அதன் திணிவு சூரியனைப்போல் 30 மடங்குக்கு மேற்பட்டது. சூரியனின் மேற்பரப்பு வெப்பம் ஏறக்குறைய 5,500 பாகை. இதனுடையதோ 39,000 பாகை அளவினது. அதிலிருந்து பாயும் ஊதாக் கடந்த கதிர்கள் ஐதரசன் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்துவிடுகின்றன. பிரிந்தவை மீண்டும் கூடும்போது செவ்வொளி பிறக்கிறது. ஒளிப்படங்களிற் காணும் செம்மை இதுவே.

பெருமீன் விளக்கேற்றுவதோடு நின்றுவிடுவதில்லை. அதிலிருந்து செக்கனுக்கு 2,000 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்திலே துகட் காற்று வீசுகிறது. விமானத்தில் ஏற்றப்பட்டிருந்த சோபியா என்னும் தொலைநோக்கியின் உதவியால், இக்காற்று முகிலைக் குடைந்து பெரியதொரு குமிழியை ஊதியிருப்பதை 2019ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். குமிழியின் ஓடு செக்கனுக்கு 13 கிலோமீற்றர் வேகத்தில் விரிந்து செல்கிறது. புதிய மீன்கள் பிறப்பதற்கு வேண்டிய வாயு இவ்வாறு அடித்துச் செல்லப்படுகிறது.

மிருகசீரிடத்தின் கதையும் இத்தகையதே. அங்குள்ள தலைமீனும் ஒரு பெருமீன். அதனைச் சுற்றி ஏறத்தாழ 150 ஒளியாண்டு அகலமுள்ள வாயு வளையம் ஒன்று விரிந்திருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது.

இதைக் கேட்ட மாணவி, "அப்படியானால் அது தான் பிறந்த வீட்டையே அழிக்கிறதா, ஐயா?" என்றாள். முகம் வாடியிருந்தது.

"அழிக்கிறது என்பது பாதி உண்மை, பிள்ளை" என்றேன். தள்ளப்பட்ட வாயு விளிம்பிலே சென்று செறிகிறது. மிருகசீரிட வளையத்தின் ஓரத்துக் கருமுகில்களில் இளமீன்கள் பல காணப்படுகின்றன. மேலும், பெருமீனின் ஆயுள் சூரியனைப்போல் ஆயிரம் கோடி ஆண்டுகள் அன்று; சில பத்து இலட்சம் ஆண்டுகளே. இறுதியில் அது வெடித்துத் தன்னுள்ளே ஆக்கிய பொருள்களையெல்லாம் வானில் இறைத்துவிடும். நாம் மூச்சில் இழுக்கும் ஒட்சிசனிற் பெரும்பகுதி, சூரியன் தோன்றுமுன்னரே மடிந்த இத்தகைய மீன்கள் விட்டுச்சென்ற முதுசொம் அன்றோ!

அடுத்த வாரம் அவள் தாயாரையும் தம்பியையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றாளாம். தம்பிக்குத் திருவாதிரையாம்; அதையும் காட்டிக்கொடுத்தாளாம். வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இன்றிரவு முற்றத்து விளக்கைச் சற்று அணைத்துவிட்டுப் பிள்ளைகளுடன் வெளியே வாருங்கள். பெயரளவில் அறிந்த உறவினரை நேரிற் காணும் மகிழ்ச்சி அது.