சிவப்பு எழுத்தை அழித்தால் பிழை போய்விடுமா?

"சேர், அந்த லைன அழிச்சா எப் ஓடுது."

பாடசாலையில் கணினி படிப்பிக்கும் எங்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர் குறைவு. அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவில் பிள்ளை ஒரு பழைய செயற்றிட்டத்தைத் திறக்கிறது. கிரேடில் நீண்ட நேரம் சுற்றிவிட்டு, 'ஃபெயில்ட் டு ரிசோல்வ்: ஜேயூனிட் 4.12' என்று சிவப்பில் காட்டுகிறது. பிள்ளை இணையத்தில் தேடி, யாரோ சொன்னபடி 'டெஸ்ட்' என்று வரும் வரிகளையெல்லாம் அழித்துவிடுகிறது. எப் ஓடுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இது தீர்வு அல்ல என்று நாங்கள் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்வதோடு நிற்காமல், சரியான தீர்வு எது என்றும் காட்ட வேண்டும்.

முதலில், அழித்த பிறகும் எப் ஏன் ஓடுகிறது? ஜேயூனிட், எஸ்பிரெஸோ போன்றவை சோதனை நூலகங்கள். நாங்கள் எழுதிய கணக்கு சரியா, பொத்தானை அழுத்தினால் நடக்க வேண்டியது நடக்கிறதா என்று பார்ப்பதற்கே அவை உதவுகின்றன. பாவனையாளரின் போனுக்குப் போகும் எப்புக்குள் அவை சேர்வதில்லை. வீடு குடிபுகும்போது ரசமட்டம் மேசனோடு போய்விடும். அதற்காக ரசமட்டம் இல்லாமல் சுவர் எழுப்பச் சொல்வோமா?

எங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் பார்ப்போம். தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கணக்கிடும் ஓர் எப்பைப் பிள்ளைகள் செய்கிறார்கள் என்று வைப்போம். பாடங்கள் 9. ஒரு பிள்ளை சுகயீனத்தால் ஒரு பாடத்துக்கு வரவில்லை. மற்ற 8 பாடங்களிலும் மொத்தம் 640. எட்டால் பிரித்தால் சராசரி 80. எப் வெற்றிடத்தைப் பூச்சியமாக எடுத்து ஒன்பதால் பிரித்தால் 71.1. எந்த முறை சரி என்பதைப் பாடசாலை தீர்மானிக்கட்டும். தீர்மானித்தது எட்டால் பிரிப்பது என்றால், எப் ஒன்பதால் பிரிப்பதைப் பிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும். அந்தச் சோதனையை ஓட்டும் நூலகத்தைத்தான் நாங்கள் அழித்துவிட்டோமே! பிறகு பிழையைக் கண்டுபிடிப்பது அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வரும் வாப்பாதான். அதற்குள் அந்தப் பிள்ளை வகுப்பில் எத்தனை இடம் கீழே போயிருக்கும்?

சரி, ஏன் இந்தப் பிழை வருகிறது? ஜேயூனிட் 4.12 வெளியானது 2014 இல். இன்றும் அது மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது. பிழை நூலகத்தில் இல்லை. அதைத் தேடிப் போகும் வழியில்தான் இருக்கிறது. அந்த வழியை நான்கு இடங்களில் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

ஒன்று, கிரேடிலின் ஒஃப்லைன் மோட். டேட்டாவை மிச்சப்படுத்த யாராவது அதைப் போட்டு வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் கணினியில் ஏற்கெனவே இறங்கிய நூலகங்களை மட்டுமே கிரேடில் பார்க்கும். ஒரு தடவை அதை நிறுத்தி, இணைப்புக் கொடுத்து, மீண்டும் சிங்க் செய்யுங்கள். இறங்கியது கணினியிலேயே தங்கிவிடும். பிறகு ஒஃப்லைன் மோடைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு, களஞ்சியத்தின் முகவரி. பழைய செயற்றிட்டங்களில் 'ஜேசென்டர்' என்று இருக்கும். அதை நடத்திய ஜேஃப்ரொக் நிறுவனம், சேவையை நிறுத்தப்போவதாக 2021 பெப்ரவரியில் அறிவித்தது. 2024 ஓகஸ்டிலிருந்து அங்கு போகும் கோரிக்கைகள் மேவன் சென்ட்ரலுக்குத் திருப்பப்படுகின்றன. ஆகவே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'கூகிள்', 'மேவன் சென்ட்ரல்' இரண்டையும் போடுங்கள். இரண்டும் தேவை. ஜேயூனிட் மேவன் சென்ட்ரலில் இருக்கிறது, எஸ்பிரெஸோ கூகிளின் களஞ்சியத்தில் இருக்கிறது. புதிய செயற்றிட்டங்களில் இந்த முகவரிகளை எழுதும் இடம் 'செட்டிங்ஸ் கிரேடில்' கோப்பு என்பதையும் கவனியுங்கள்.

மூன்று, பெயர் மாற்றம். 2018 இல் கூகிள் தனது பழைய சப்போர்ட் நூலகங்களை அன்ட்ரொய்ட்எக்ஸ் என்ற பெயருக்கு மாற்றியது. எஸ்பிரெஸோ பழைய பெயரில் 3.0.2 வரைதான் வந்தது. 3.1.0 இலிருந்து புதிய பெயர். பழைய பெயரையும் புதிய இலக்கத்தையும் சேர்த்து எழுதினால், இல்லாத ஒன்றைத்தான் கிரேடில் தேடும். எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

நான்கு, எந்தப் பெட்டிக்குள் போட்டோம் என்பது. 'டெஸ்ட் இம்ப்ளிமென்டேஷன்' கணினியிலேயே ஓடும் சோதனைகளுக்கு. 'அன்ட்ரொய்ட்டெஸ்ட் இம்ப்ளிமென்டேஷன்' போனில் அல்லது எமியுலேட்டரில் ஓடும் சோதனைகளுக்கு. ஒன்றில் போட்டால் மற்றதற்குத் தெரியாது. இங்கே பிழைச் செய்தியும் வேறாக இருக்கும். 'ஃபெயில்ட் டு ரிசோல்வ்' என்றால் நூலகம் வந்து சேரவில்லை. நிரலுக்குள் 'அன்ரிசோல்வ்ட் ரெஃபரன்ஸ்' என்று வந்தால், நூலகம் வேறு பெட்டிக்குள் கிடக்கிறதா என்று பாருங்கள். 'டெஸ்ட் கம்பைல்' என்ற பழைய சொல் இருந்தால் அதையும் மாற்றுங்கள். 2021 இல் வந்த கிரேடில் 7 அதை நீக்கிவிட்டது.

இத்தனைக்கும் நேரம் எங்கே, டேட்டாவுக்குக் காசு எங்கே என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாற்பது நிமிடப் பாடவேளை, மூன்று பிள்ளைக்கு ஒரு கணினி, ஆசிரியரின் போனிலிருந்து ஹொட்ஸ்பொட். எங்கள் நிலைமை எங்களுக்குத் தெரியும். ஒரு சோதனைகூட எழுதாத செயற்றிட்டத்தில் அந்த வரியை அழித்தால் அன்றைக்கு ஒன்றும் கெட்டுப்போகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் பிழைப் பட்டியலில் ஜேயூனிட்டின் பெயர் இருப்பதால் நோய் ஜேயூனிட்டில்தான் என்று நினைக்கக் கூடாது. முகவரி பிழையாக இருந்தால், நாளைக்குப் படம் காட்டும் நூலகம் வராது, மறுநாள் தரவுத்தள நூலகம் வராது. அவற்றையும் அழிப்போமா? இன்று பத்து நிமிடம் செலவழித்து முகவரியைத் திருத்தினால், அந்தப் பிரச்சினைகளும் சேர்ந்தே தீரும். டேட்டாவும் அப்படித்தான். ஒரு தடவை இறக்கினால் அதே கணினியில் அடுத்த பிள்ளைக்கும் உதவும்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. பிழையைச் சொல்கிறவனை வெளியே அனுப்பிவிட்டால் பிழை இல்லாமல் போய்விடும் என்ற பழக்கம் பிள்ளைக்குப் பிடித்துவிடக் கூடாது. இன்றைக்கு அது ஒரு புள்ளிக் கணக்கு. நாளைக்கு இதே பிள்ளை ஒரு வைத்தியசாலைக்கோ ஒரு வங்கிக்கோ மென்பொருள் எழுதும். அங்கே மருந்தின் அளவையும் வட்டியையும் சரிபார்க்கும் சோதனை சிவப்பைக் காட்டும்போது அது என்ன செய்யும்? வகுப்பில் பழகியதைத்தான் செய்யும்.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை ஒரு பிள்ளை "அழிச்சா ஓடுது சேர்" என்று வந்தால் ஏச வேண்டாம். எப் ஓட வேண்டும் என்ற அவசரம் அந்த வயதுக்கு உரியது. பக்கத்தில் இருந்து, "சரி, அந்த லைன திரும்பப் போடுங்க. அது எங்க தேடுது என்று பார்ப்போம்" என்று சொல்லுங்கள். செய்தியை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். நான்கு இடங்களையும் பிள்ளையே பார்க்கட்டும். சிங்க் முடிந்ததும், ஒரேயொரு சோதனையாவது எழுதி ஓட்டிவிட்டு எழும்பச் சொல்லுங்கள்.