ஏவல் எழுதக் கற்போம்

ஒரே வேலையை நூறு முறை சலியாது செய்பவனைச் சிறந்த உழைப்பாளி என்று போற்றுவது எம்மவர் வழக்கம். அவ்வழக்கம் எல்லாவிடத்தும் பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. தமிழாசிரியன் ஒருவன் கணினியைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பளிக்கலாம். விடயத்தைக் கேட்டபின் அவ்வியப்பு நீங்கும் என நம்புகின்றேன்.

என்னிடம் தமிழ் பயின்று, பின்னர் பொறியியல் கற்கச் சென்ற கொட்டாஞ்சேனை மாணவன் ஒருவன் ஒருநாள் என்னைக் காண வந்தான். வெள்ளவத்தைக் கால்வாயில் வெள்ளம் பெருகும் வகையைக் கணினியிலே போலச்செய்து ஆராய்வது அவன் மேற்கொண்ட பணி. 2010 ஆம் ஆண்டு நவம்பரில் ஓரிரவு மழையால் கொழும்பின் தாழ்நிலங்களும் கோட்டேயிலுள்ள பாராளுமன்றச் சுற்றாடலும் நீரில் மூழ்கியதை நாம் மறந்தோமில்லை. நகரின் கால்வாய் நீர் கடலைச் சேரும் வாயில்களுள் வெள்ளவத்தையும் ஒன்று. ஆதலின் அவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 1971 இல் முதன்முதலாக உருவாக்கியதும், இன்று விலையின்றிக் கிடைப்பதுமான 'ஸ்வம்' என்னும் மழைநீர் நிரலை அவன் பயன்படுத்தினான். மழையளவு 6, கால்வாய் அகலம் 5, கடல்மட்டம் 4 என அவன் வகுத்துக்கொண்டமையால், கணிப்பை 120 முறை ஓட்டவேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் எண்களைக் கையால் மாற்றி, விடையைக் குறித்து, வரைபடத்தில் ஏற்றினான். மூன்று கிழமை கழிந்தது. முடிவிலே, கால்வாயை அகலமாக்கினால் அவ்விடத்து நீர்மட்டம் உயரும் என்று வரைபடம் காட்டிற்று! எங்கோ இரண்டு எண்கள் இடம்மாறியிருந்தன. எந்த ஓட்டத்தில் மாறின என்று அறியச் சான்றேதும் அவனிடம் இல்லை. அனைத்தையும் மீளத் தொடங்கும் நிலையிலேதான் என்னிடம் வந்து மனம் வருந்தினான்.

இந்நோய்க்கு மருந்து அரை நூற்றாண்டுக்கு முன்னரே கண்டறியப்பட்டது. 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே தோன்றிய யுனிக்ஸ் முறைமையில், மனிதன் எழுதும் கட்டளையை ஏற்று நிறைவேற்றுவிக்கும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். அச்சொல் நம்மவர் காதிலே வேறொரு கொடிய ஓசையை நினைவூட்டும். ஈண்டு அதன் பொருள் பருப்பைச் சூழ்ந்த ஓடு என்பதே. கட்டளைகளை ஒரு கோப்பிலே வரிசையாக எழுதி வைத்தால் அதுவே ஷெல் ஸ்கிரிப்ற். ஏவற்கோவை என நாம் அதனை அழைக்கலாம். 1979 இல் ஸ்டீபன் போர்ன் இயற்றிய ஷெல் வெளிவந்தது. இன்று லினக்ஸ் கணினிகளிற் பெரிதும் வழங்கும் 'பாஷ்' அதன் வழித்தோன்றல்.

அம்மாணவன் சின்னாட்களில் அத்தகைய கோவையொன்றை எழுதிவந்து எனக்குக் காட்டினான். பட்டியலிலுள்ள எண்ணை எடு, மாதிரிக் கோப்பிற் குறியிட்ட இடத்தில் இடு, கணிப்பை ஓட்டு, விடையை அவ்வெண்களையே பெயராகக் கொண்ட கோப்பில் வை, பட்டியல் முடியுமட்டும் இவ்வாறே செய், பின்னர் யாவற்றையும் வரைபடமாக்கு. இவை யாவும் ஏவல் வினைகள் அல்லவோ? ஒரு நிரலின் விடையை அடுத்த நிரலுக்கு உணவாக்கும் 'பைப்' என்னும் உத்தியைக் கண்டபோது, ஒன்றன் ஈறே அடுத்ததன் முதலாகும் அந்தாதித் தொடை என் நினைவுக்கு வந்தது. ஓர் ஓட்டம் 4 நிமிடம் கொண்டது. 120 ஓட்டமும் 8 மணி நேரத்தில், அவன் உறங்கும்போதே நிறைவேறின. காலையில் வரைபடம் ஆயத்தமாக இருந்தது.

காலம் மிஞ்சியமை இதன் சிறு பயனே. செய்தது இன்னதென்று எழுத்தில் நிற்பது பெரும் பயன். ஐயமுற்றோர் எவரும் அக்கோவையை வாசிக்கலாம், தம் கணினியில் மீள ஓட்டலாம், பிழை கண்டால் ஒரு வரியைத் திருத்தலாம்.

இது மாணவரின் பொறுமையைக் கெடுக்கும் என்பார் உளர். முதல் மூன்று ஓட்டத்தையும் கையாற் செய்து, விடையை உய்த்துணர்ந்த பின்னரே கோவை எழுதுக என்பதே அவர்க்கு என் மறுமொழி. செயற்கை நுண்ணறிவே கோவையை எழுதித் தருமே என்பார் வேறு சிலர். தரும். ஆனால் ஏவலிற் பிழையிருப்பின் இயந்திரம் அப்பிழையை 120 முறையும் பிசகாது செய்யும். இடையில் ஓர் ஓட்டம் முறிந்தால், முந்திய விடைக்கோப்பே எஞ்சி நின்று புதியதுபோல் வரைபடத்தில் ஏறிவிடும். கோடு அழகாயிருக்கும், உண்மையாயிராது. நிரலொன்று செவ்வனே முடிந்தால் 0 என்றும், முறிந்தால் வேறோர் எண்ணும் ஷெல்லுக்கு அறிவிப்பது மரபு. அவ்வெண்ணைப் பார்த்து, முறிந்தவிடத்தே நிறுத்துமாறு ஏவப்பட்டிருக்கிறதா என்று காண்பதற்கு, எழுதியதை வாசிக்கத் தெரிந்த மனிதன் வேண்டும். மயக்கமற எழுதுவதும், பிறர் எழுதியதை ஐயுற்று வாசிப்பதும் மொழிப் பயிற்சியின் பாற்பட்டவை. ஆதலாலேதான் தமிழாசிரியனும் இதிலே தலையிடுகின்றான்.

உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயில்வோர் பைதன் மொழியைக் கற்கின்றனர். அதனுடன் இவ்வெளிய கலையையும் விஞ்ஞான, கணித மாணவர் அனைவருக்கும் கற்பித்தல் வேண்டும். பெரும்பணம் வேண்டியதில்லை. லினக்ஸ் விலையற்றது. பழைய கணினியும் போதும். வேண்டுவது கற்பிப்போரே. பொறியியலாளராயும் ஆய்வாளராயும் விளங்கும் பழைய மாணவர்காள்! விழா மண்டபத்துக்கு வரும் நீங்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பறைக்கும் வாருங்கள். ஏவலைத் திருந்த எழுதக் கற்ற பிள்ளை, இயந்திரத்துக்கு ஏவலாளாய் இரான். அத்தகைய பிள்ளைகளை உருவாக்குதலே கல்லூரி அன்னைக்கு இவ்விழாக் காலத்தில் நாம் அளிக்கத்தக்க காணிக்கையாகும்.