கழிவுநீரில் ஒரு பீர்!

பீரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் சாக்கடை வழியாக வந்தது என்று தெரிந்தால் யாராவது கையில் எடுப்பார்களா? சிங்கப்பூரில் எடுத்தார்கள்!

2022 ஏப்ரலில் அங்கே கடைகளுக்கு வந்தது ‘நியூப்ரூ’ பீர். கழிவுநீரைச் சுத்திகரித்துக் கிடைக்கும் ‘நியூவாட்டர்’தான் இதற்கு மூலப்பொருள். சிங்கப்பூர்த் தமிழில் ‘புதுநீர்’. நுண்வடிகட்டி, ஆர்.ஓ., புற ஊதாக் கதிர் என மூன்று கட்டங்களைத் தாண்டியே இந்த நீர் வெளியே வருகிறது. 2003 முதல் தொழிற்சாலைகளுக்கும், வறண்ட மாதங்களில் நீர்த்தேக்கங்களுக்கும் போகிறது.

எதற்கு இந்தப் பாடு? சிங்கப்பூருக்குச் சொந்தத் தண்ணீர் போதாது. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் 1962 ஒப்பந்தம் 2061-ல் முடிகிறது. தொழில்நுட்பம் எப்போதோ தயார். மக்களின் அருவருப்புதான் மிச்சம். அதைப் போக்கத்தான் பொதுப் பயனீட்டுக் கழகம், ‘புரூவர்க்ஸ்’ மதுபான ஆலையுடன் கைகோத்தது. குடித்துப் பார்த்த சிலர், வித்தியாசமே தெரியவில்லை என்றார்கள்.

மது உடலுக்குக் கேடு, அதில் மாற்றமில்லை. ஆனால் பீரைத் தொடாதவர்களுக்கும் இந்த டின்னில் ஒரு சேதி இருக்கிறது: ஒருமுறை பயன்படுத்திய தண்ணீரை வீணாய் விட்டுவிடும் காலம் மலையேறிவிட்டது!